மூல ஓலை எங்கே?

வழக்கொன்று மன்றேறினால் அதனை நிறுவுதற்குப் பண்டைத் தமிழர் மூன்று சான்றுகளை வகுத்திருந்தனர். வழிவழி வந்த ஆட்சி ஒன்று. எழுதிக் கைச்சாத்திட்ட ஆவணம் ஒன்று. அயலார் கண்ணாற் கண்ட காட்சி ஒன்று. நம்பியாரூரர் மேல் ஒரு கிழவர் தொடுத்த அடிமை வழக்கைச் சேக்கிழார் பாடுமிடத்தில் இம்மூன்றும் பேசப்படுகின்றன. மணப்பந்தரில் கிழவர் காட்டிய ஓலையை ஆரூரர் பறித்துக் கிழித்தெறிந்தார். கிழவரோ கலங்கினாரல்லர். கிழிந்தது படியோலைதான், மூல ஓலை தம்மிடம் உள்ளதென்றார். அவ்வோலை திருவெண்ணெய்நல்லூர் அவைமுன் விரிந்தது, வழக்கும் தீர்ந்தது.

அக்கிழவரிடம் மூல ஓலை இல்லாதிருந்தால் வழக்கு என்னவாகியிருக்கும்? அன்பர்களே, எண்ணிப் பாருங்கள்! அந்நிலையில்தான் இன்று தமிழினம் உலக அவைமுன் நிற்கிறது. நம் மூல ஓலைகளுள் ஒன்று தொலைந்துவிட்டது. அதனைத் தொலைத்தவர் பகைவர் அல்லர், நாமே. எஞ்சியிருப்பது அயல்மொழியிலே ஒரு படியோலை. அதுவும் அயலார் வீட்டிலே!

எந்த ஓலையைச் சொல்கிறோம்? பனையோலையை அன்று, படச்சுருளை. மேலே சொன்ன மூன்று சான்றுகளுள் ஆவணமும் காட்சியும் ஒன்றாய்க் கலந்த புதுச் சான்று ஒன்றனை இருபதாம் நூற்றாண்டு படைத்தளித்தது. அதற்கு ஆவணப்படம் என்று நாம் பெயரிட்டது எத்துணைப் பொருத்தம்! எழுத்தைப் போல் நின்று நிலைப்பது. கண்ணைப் போல் கண்டது சொல்வது. இறந்துபட்ட தெருக்களும், மறைந்துபோன தொழில்களும், மாண்டுபோன மாந்தர்தம் நடையும் கைவீச்சும் அதில் மீண்டும் எழுகின்றன. ஓர் இனம் தன் பாட்டன் நடந்த நடையைப் பேரனுக்குக் காட்டுதற்கு அதனினும் சிறந்த கருவி இன்னும் தோன்றவில்லை.

படத்துக்கு மொழியில்லையாம்!

இவ்விடத்தில் ஒரு கூட்டத்தார் குறுக்கிடுகின்றனர். “படத்துக்கு ஏதையா மொழி? கண்ணுக்குத் தமிழ்க்கண், ஆங்கிலக்கண் என்று வேறுபாடு உண்டோ? எல்லாவற்றிலும் மொழியை இழுக்கும் உங்கள் வெறி இங்குமா?” என்கின்றனர் அவர்கள். கலையுலகில் தங்களைப் பெரிய அறிவர்களாக எண்ணிக்கொண்டிருப்போர் இக்கருத்தைத்தான் ஓதிவருகின்றனர். இஃது எத்துணைப் பெரும்பொய் என்பதற்கு ஒரே ஒரு படத்தைச் சான்று காட்டுவோம்.

1934-ஆம் ஆண்டு. இலங்கைத் தேயிலையை உலகச் சந்தையிற் பரப்புதற்கென்றே அமைந்த வாரியத்தின் பொருளுதவியொடு ஓர் ஆவணப்படம் எடுக்கப்பட்டது. அதன் பெயர் ‘இலங்கையின் பாட்டு’. இயக்கியவர் பேசில் இரைட்டு என்னும் ஆங்கிலேயர். ஆவணப்பட இயக்கத்தின் தந்தையெனப்படும் சான் கிரியர்சன் அதனை உருவாக்கித் தந்தவர். ஏறத்தாழ 40 மணித்துளி ஓடும் அப்படம் நான்கு பகுதிகளாக அமைந்தது. 1935-இல் பிரசல்சு நகரப் படவிழாவில் அதற்குப் பரிசும் கிடைத்தது. உலகின் சிறந்த ஆவணப்படங்களுள் ஒன்றென இன்றும் அதனைப் பாராட்டுகின்றனர். அழகான படந்தான், அதனை நாம் மறுக்கவில்லை. மலையுச்சிக்கு ஏறும் அடியார்கள், வலைவீசும் பரதவர், களத்தில் நெல்லடிக்கும் உழவர், ஆடல் பயிலும் சிறுவர் என்று இன்று காணக் கிடைக்காத ஓர் உலகம் அதில் உறைந்து கிடக்கிறது.

ஆனால் அப்படத்திற் பேசுவது யார்? 1681-ஆம் ஆண்டில் இராபர்ட்டு நாக்சு என்னும் ஆங்கிலேயன் எழுதிவைத்த நூலின் உரை! கண்டி அரசனிடம் ஏறத்தாழ இருபதாண்டு சிறைப்பட்டுக் கிடந்து தப்பியோடியவன் அவன். இரண்டரை நூற்றாண்டுக்கு முற்பட்ட அவனுடைய சொற்களே 1934-ஆம் ஆண்டுப் படங்களின்மேல் ஒலிக்கின்றன. வணிகத்தின் குரல்கள் என்னும் மூன்றாம் பகுதியிலோ, உழைக்கும் மக்களின் படத்துக்கு மேல் இலண்டன் சந்தையின் விலைநிலவரமும் வணிகர்தம் ஆணைகளும் ஒலிக்கின்றன. தேயிலைக் கொழுந்து பறிக்கும் கைகள் வருகின்றன. அக்கைகள் யாருடையவை? திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து பஞ்சத்தால் துரத்தப்பட்டுக் கடல்கடந்து, காடழித்து, அட்டைக்கும் மலைக்காய்ச்சலுக்கும் உயிர்கொடுத்து அம்மலைகளைப் பச்சையாக்கிய தமிழ் மக்களின் கைகள்தாமே தோட்டங்களில் கொழுந்து கிள்ளியவை! அவர்களுடைய வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே சொல்லும் ஒரு சொல்லேனும் அப்படத்தில் உண்டா? இல்லை. அவர்கள் விளைத்த தேயிலையின் பணத்தில்தான் படம் எடுக்கப்பட்டது. ஆயினும் அவர்கள் வாய் திறக்க அதில் இடமில்லை.

இதனால் விளைந்த கேடு என்ன? பதினான்கே ஆண்டு கழித்து, 1948-இல், இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964-இல் சிறிமாவோவும் சாத்திரியும் ஒப்பந்தமிட்டு, 9,75,000 பேரைச் சந்தைச் சரக்கெனப் பங்கிட்டுக்கொண்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி பின்னர் ஆராயப்படுமாம்! 1974-இல் அவர்களையும் பாதிப்பாதியாக வெட்டிக்கொண்டனர். அம்மக்களை எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. ஒரு படம்தான் இதற்கெல்லாம் கரணியம் என்று சொல்ல நாம் பேதையரல்லேம். எனினும் உலகத்தின் கண்முன் கைகளாக மட்டும் காட்டப்பட்டு, நாவில்லாதவராக நிறுத்தப்பட்ட மக்களைப் பங்கிடுவது ஆள்வோர்க்கு எளிது என்பதனை யார் மறுக்க முடியும்? படத்துக்கு மொழியுண்டு. எவன் பேசுகிறானோ அவனே அப்படத்தின் உடைமையாளன். பேசாதவன் அதிலே வெறுங் காட்சிப்பொருள்.

தமிழன் ஒருவன் பேசினான்

இந்நிலையில் தமிழன் ஒருவன் எழுந்தான். ‘உலகத்தையே நான் படம்பிடிப்பேன், அதற்குத் தமிழில் உரை தருவேன்’ என்று துணிந்தான். ஏ.கே. செட்டியார் என நாடறிந்த அ. கருப்பன் செட்டியாரே அவர். 1911-இல் கோட்டையூரில் பிறந்தவர். பர்மாவில் ‘தனவணிகன்’ இதழை நடத்தியவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்றவர். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற கப்பலில், காந்தியடிகளின் வாழ்வை ஆவணப்படமாக்கவேண்டும் என்னும் எண்ணம் அவர்க்கு எழுந்தது. அப்போது அவர்க்கு அகவை இருபத்தாறும் நிரம்பவில்லை!

அவர் பின்னால் அரசு இல்லை. ஆலிவுட்டு முதலாளி இல்லை. எடுத்த செயலை முடிக்கும் திண்மை ஒன்றே இருந்தது. நான்கு கண்டங்களில் நெடுந்தொலைவு அலைந்தார். முப்பதாண்டுக் காலத்தில் ஏறத்தாழ நூறு படப்பிடிப்பாளர்கள் பல நாடுகளில் எடுத்துப் போட்டிருந்த சுருள்களை நாடிப் படக்கிடங்குகளின் படிகளை ஏறியிறங்கினார். 1912-இல் கோகலே தென்னாப்பிரிக்கா சென்றபொழுது எடுத்த படம் முதலாகத் திரட்டினார். இவ்வாறு சேர்ந்தது 50,000 அடிச் சுருள். அதிலிருந்து 12,000 அடிப் படமாகத் தொகுத்தார். 1940-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில், உலகப்போர் மூண்டு எரிந்துகொண்டிருந்த வேளையில், வெள்ளையராட்சி விழித்திருந்து வேவு பார்த்த காலத்தில், அப்படம் சென்னையில் திரையேறிற்று. அதில் பட்டம்மாள் பாடினார். தென்னாப்பிரிக்காவும் இலண்டனும் தண்டிக் கடற்கரையும் அத்திரையில் தோன்றின. அவற்றையெல்லாம் விளக்கி உரைத்த மொழி எது? ஆங்கிலமா? இந்தியா? இல்லை, தமிழ்! தெலுங்கு அதன்பின்பே வந்தது. காந்தியடிகளின் வாழ்வை முழுநீள ஆவணப்படமாகச் சொன்ன முதல் மொழி தமிழ்மொழியே. உலகத்தின் காட்சிகளைத் தமிழன் தன் நாவால் உலகுக்கு உரைத்த பெருநாள் அது.

இனி, அன்பர் சிலர் நம்மையே வினவக்கூடும். “இந்தியைப் பரப்புதற்குத் தென்னாட்டில் 1918-லேயே அவை நிறுவியவரல்லரோ காந்தியார்? 1938-இல் ஆச்சாரியார் கட்டாய இந்தியைப் புகுத்தியதும், 1939-இல் நடராசனும் தாளமுத்துவும் சிறையிலிருந்து பிணமாக மீண்டதும் அவர்தம் மொழிக் கொள்கையின் விளைவல்லவோ? அவரைப் பற்றிய படம் தொலைந்தால் தனித்தமிழர்க்கு என்ன?” என்பர் அவர்கள். சரியான கேள்வியே. காந்தியாரின் மொழிக்கொள்கையை நாம் அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. ஆனால் நாம் பேசுவது காந்தியாரைப் பற்றியன்று, தமிழைப் பற்றி! அக்கட்டாய இந்தி ஆணை திரும்பப் பெறப்பட்டது 1940 பிப்பிரவரியில். அதே ஆண்டு ஆகத்தில், இந்தியை நாடு முழுவதற்கும் பொதுமொழியாக்க விரும்பிய ஒருவரின் வாழ்க்கையையே தமிழில் முதன்முதல் சொல்லிக் காட்டினான் ஒரு தமிழன். நாட்டுக்குப் பொதுவான செய்தியைச் சொல்ல இந்தி வேண்டுமென்றோர்க்கு இதனினும் நல்ல மறுப்பு வேறு உண்டோ? செட்டியார் தனித்தமிழ்க் கொள்கையர் அல்லர். மொழிப்போர் மறவரும் அல்லர். ஆயினும் அவர் செய்து காட்டிய மறுப்பு நாம் மேடைதோறும் பேசிய மறுப்புக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. கொள்கை மாறுபாட்டுக்காகத் தமிழின் உடைமையை இழக்கத் துணிவோமாயின், வெறுப்பால் கண்ணிழந்தவர் ஆவோம்.

தொலைத்தது யார்?

அப்பெரும்படத்தின் கதி யாது? முழுத் தமிழ்ப்படம் இன்றளவும் நம் கைக்கு எட்டவில்லை. 1953-இல் அமெரிக்காவில் அதன் ஆங்கில வடிவம் உருவாக்கப்பட்டது. ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி பல்லாண்டு தேடியதன் பயனாக, சான் பிரான்சிசுகோ அரசுப் பல்கலைக்கழகத்தில் அவ்வாங்கில வடிவின் சுருங்கிய படியொன்று கிடைத்தது. செட்டியார் படமெடுத்த பட்டறிவை எழுதிய கட்டுரைகளையும் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்னும் நூலாக அவரே பதிப்பித்தார். அவர்க்குத் தமிழுலகம் கடன்பட்டுள்ளது. ஆனால் இதன் பொருளென்ன? தமிழன் அலைந்து திரட்டிய படம். தமிழில் பேசிய படம். தமிழ்நாட்டில் தமிழ்ப்படி இல்லை. கடல்கடந்த அயலார் நூலகத்தில் ஆங்கிலப்படி பேணப்பட்டிருக்கிறது! தமிழ்நாவை நாம் அறுத்துவிட்டோம். ஆங்கில நாவை அமெரிக்கர் காத்துவைத்தனர். ஏ.கே. செட்டியார் 1983 வரை இம்மண்ணில்தான் வாழ்ந்தார். 1943 முதல் ‘குமரி மலர்’ இதழை நடத்திக்கொண்டிருந்தார். அவர் உயிரோடிருந்த நாற்பதாண்டில், ‘ஐயா, அந்தச் சுருளைத் தாருங்கள், தமிழ்மக்கள் சார்பில் பேணுகிறோம்’ என்று கேட்டுப் பெற்று ஓர் அரசோ, ஒரு பல்கலைக்கழகமோ, ஒரு தமிழ் மன்றமோ அதனைக் காத்திருந்தால் இன்று இப்புலம்பல் வேண்டியிருக்குமா?

செட்டியார் படத்துக்கு மட்டுமா இக்கதி? நடராச முதலியார் சென்னையில் எடுத்த முதல் ஊமைப்படமாகிய ‘கீசகவதம்’ இல்லை. 1931-ஆம் ஆண்டின் முதல் தமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதாசு’ இல்லை. 1950-க்கு முன் படங்கள் பதியப்பட்ட நைட்டிரேட்டுச் சுருள் தீப்பற்றினால் நீருக்குள்ளும் எரியக்கூடியது. தீப்பற்றாவிட்டாலும் வெக்கையில் இளகி, பிசினாகி, முடிவில் பழுப்புத் தூளாக உதிர்ந்துவிடும். பின்வந்த அசிட்டேட்டுச் சுருளோ புளித்த காடிநாற்றம் வீசிச் சுருங்கிப் போகும். இயற்கை அழித்தது பாதி. மீதியை அழித்தது பேராசை. சுருளைச் சுரண்டி வெள்ளியை உருக்கி எடுத்தனர். எஞ்சியதை வளையலாக்கி விற்றனர்! தமிழனின் நூற்றாண்டு வாழ்க்கையைத் தமிழச்சியின் கையிலேயே வளையலாகப் பூட்டிய கொடுமையை எங்குபோய்ச் சொல்வது?

நடுவண் அரசு என்ன செய்தது? 1948-இல் படப்பிரிவு ஒன்றை அமைத்தது. ஒவ்வொரு திரையரங்கும் முதன்மைப் படத்துக்கு முன் அப்பிரிவின் செய்திச்சுருளையும் ஆவணப்படத்தையும் கட்டணம் கொடுத்துக் காட்டியே தீரவேண்டுமென்று உரிம விதியாற் கட்டிவைத்தது. அகவை முதிர்ந்த அன்பர்கள் அதனை நன்கு நினைவுகூர்வர். அணைகள் திறக்கும், அமைச்சர்கள் மாலை ஏற்பர், வெள்ளம் வரும், அரிசிமூட்டை இறங்கும். நடுவணரசின் உரை பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. அதில் நமக்குக் கிடைத்தது உயிரற்ற ஒரு மொழிபெயர்ப்புத் தமிழ். முறுக்கு வாங்க வெளியே போனவர்கள் படம் தொடங்கும்போதே உள்ளே வந்தனர். 1964-இல் நாட்டுப் படக்காப்பகத்தைத் தொடங்கினர், எங்கே? புனேயில்! 2003-இல் அந்நகரில் மூண்ட தீயில் நைட்டிரேட்டுச் சுருள்கள் பல எரிந்தொழிந்தன. 2022-இல் படப்பிரிவையும் காப்பகத்தையும் ஒரே கழகத்துக்குள் அடக்கிவிட்டனர். நம் பாட்டன் முகத்தைக் காண நாம் மராட்டிய மண்ணுக்குச் செல்லவேண்டும். அதுவும் அங்கே இருந்தால்!

ஆயினும் தில்லியைத் தூற்றுவதொடு நம் கடமை முடிந்துவிடுமா? திரையுலகத்தொடு தொடர்புடையோர் பலர் முதலமைச்சராக அமர்ந்த நாடு இது. திரையில் முகம் காட்டினோர்க்குக் கோயிலெழுப்பிய நாடு இது. திரைப்படத்தால் ஆட்சியையே பிடித்தோம். திரைப்படத்தைக் காக்க ஒரு குளிரூட்டிய அறைக்கும் வழியில்லாமல் ‘காளிதாசை’ இழந்தோம்! இம்முரணை உலகம் கேட்டால் நகைக்காதோ?

இழந்தது ஒரு படம் என்று எண்ணவேண்டா. 1938-இல் உறையூரிலிருந்து சென்னை நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்ட தமிழர் பெரும்படையை நினைந்து பாருங்கள். அப்படையின் நடையை அசையும் படமாக உங்களுள் யாரேனும் கண்டதுண்டா? தண்டிக்கு நடந்த கால்களை உலகக் குழந்தைகள் இன்றும் காண்கின்றனர். தமிழுக்காக நடந்த கால்களை நம் குழந்தைகள் காணவில்லை. கண்டதை நம்புவதும் காணாததைக் கதையென்பதும் இக்காலத்தின் இயல்பு. இன்னும் ஐம்பதாண்டு கழித்து ஒருவன் வந்து, ‘அப்படியொரு படை நடக்கவேயில்லை’ என்று சொல்வானாயின், அவன்முன் எந்த மூல ஓலையை விரிப்பீர்கள்?

செய்யவேண்டுவன

புலம்பி ஓய்வது நம் இயல்பன்று. செய்யவேண்டுவன மூன்று.

முதலாவது, தேடல். செட்டியாரின் தமிழ்ப்படம் எங்கேனும் ஒரு தகரப்பெட்டியில் உறங்கிக் கிடக்கலாம். செட்டிநாட்டு வீடுகளின் மேல்மாடிகள், மூடப்பட்ட கொட்டகைகளின் கிடங்குகள், பர்மா மலேயாவிலிருந்து மீண்டோரின் பெட்டகங்கள் என ஒவ்வொன்றையும் துழாவவேண்டும். கிடைத்த சுருளை ஆர்வத்தால் பிரித்து வெயிலிற் காட்டாதீர்கள், விளக்கருகே கொண்டுசெல்லாதீர்கள். தீயும் வெக்கையும் அதற்கு நஞ்சு. தேர்ந்தார் கையில் ஒப்படையுங்கள்.

இரண்டாவது, அரசின் கடன். திரைத்துறையின் வரியைத் தலைமுறை தலைமுறையாகப் பெற்றுவரும் தமிழ்நாட்டரசு, தமிழ்மக்கள் வாழ்வைப் பதிந்த ஒவ்வோர் அடிச் சுருளையும் திரட்டிக் குளிரறையில் வைத்துக் காக்கவும், அதன் படியை எந்தப் பள்ளி மாணவனும் கேட்டுப் பார்க்கவும் வழிசெய்தல்வேண்டும். புனேயிலும் இலண்டனிலும் அமெரிக்காவிலும் உள்ள நம் காட்சிகளின் படிகளைக் கேட்டுப் பெறுதல்வேண்டும். பெற்ற படங்களுக்கு நல்ல தமிழில் உரை எழுதிச் சேர்த்தல்வேண்டும்.

மூன்றாவது, நம் ஒவ்வொருவரின் கடன். இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் படப்பிடிப்புக் கருவி கிடக்கிறது. செட்டியார்க்குக் கப்பலேறிப் படித்தும் எளிதிற் கிட்டாத ஏந்து அது! அதனைக் கொண்டு என்ன செய்கிறோம்? தின்ற சோற்றையும் திரிந்த கடையையும் படம்பிடிக்கிறோம். உங்கள் ஊரில் கடைசியாகத் தறிநெய்யும் முதியவர் இருக்கிறாரா? ஏற்றப்பாட்டு அறிந்த உழவர் உயிரோடிருக்கிறாரா? தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒப்பந்தத்தால் பிடுங்கி இங்கு எறியப்பட்ட பாட்டி ஒருத்தி நீலமலையிலோ கொடைக்கானலிலோ இன்னும் வாழ்கிறாளா? போய்ப் படம்பிடியுங்கள். பிடிக்கும்போது நீங்கள் பேசாதீர்கள், அவர்களைப் பேசவிடுங்கள். 1934-இல் வாயடைக்கப்பட்ட அக்கைகளுக்கு நாவைத் திருப்பிக் கொடுங்கள். ஊரும் பெயரும் நாளும் குறித்துப் பல படிகள் எடுத்துப் பல இடங்களில் வையுங்கள். கறையானுக்குத் தப்பித் தொல்காப்பியமும் கழகப் பாட்டும் நம் கைக்கு வந்தது, யாரோ ஒருவர் ஓலை சிதையுமுன் மறுபடி எழுதிவைத்ததால் அன்றோ?

தமிழீர்! ஓலையைக் கறையானுக்குக் கொடுத்தோம். ஆற்றுப் பெருக்கில் விட்டோம். உ.வே.சா.வும் தாமோதரனாரும் வந்து மீதியை மீட்டனர். படச்சுருளை வெக்கைக்குக் கொடுத்தோம், வளையற்காரனுக்கு விற்றோம். அதற்கு இன்னும் ஒரு சாமிநாதர் வந்தாரல்லர். அவர் வரும்வரை காத்திருக்கச் சுருளுக்கு வாழ்நாள் இல்லை. வழக்கு மன்றேறிவிட்டது. அவை கூடியிருக்கிறது. மூல ஓலையைக் கேட்கின்றனர்.

தேடுவோம், எழுங்கள்!